அறுபதுக்கு மேலே எண்ணாத புத்தகம்

மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகுச் சேவையை இன்னும் பெருப்பிக்க வேண்டுமா, இருப்பதே போதுமா என்று மறுபடியும் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். போன கிழமை என் பழைய கந்தோரிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள்.

"ஐயா, உங்கட காலத்துப் பிரயாணிகள் புத்தகங்களைப் பாத்தம். ஒன்பது வருசமா ஒரு நாள்கூட அறுபதைத் தாண்டேல்ல. பிறகு திடீரெண்டு ஒரு மாசம், அறுபது பேர் ஏற, எழுபது பேர் கரையில நிக்கினம். அந்த மாசம் மூதூரில என்ன நடந்தது?"

மூதூரில் ஒன்றும் நடக்கவில்லை, என் புத்தகத்தில்தான் நடந்தது என்றேன். அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தபடியே போனார்கள். அவர்களுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். என் ஓய்வூதியத்தை இனி யாரும் நிறுத்த முடியாது என்று ஒரு புறக்டரிடம் சட்டம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம்போல் ஆன காலத்தில் நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். ஆறு மாதம் கொழும்பில் வைத்துக் கோப்புக்குத் துளையிடவும் நாடா கட்டவும் பழக்கினார்கள். பிறகு திருகோணமலைக்கு அனுப்பி, துறைமுகப் பக்கத்தில் இருந்த சிறிய கந்தோர் ஒன்றில் போட்டார்கள். பிரயாணிகள் போகும் படகுகளை மேற்பார்வை செய்வது அந்தக் கந்தோரின் வேலை. மேற்பார்வை செய்வதற்கு இருந்தது ஒரேயொரு லோஞ்ச்தான். அது ஜெட்டியிலிருந்து குடாவைக் கடந்து மூதூருக்குக் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை போய்வரும். காசு வாங்குவது லோஞ்சுக்காரரின் பாடு. நான் லோஞ்சிலேயே போய்வந்து, இரு கரையிலும் தலை எண்ணி எழுத வேண்டும்.

தலை எண்ணுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் மூதூர் லோஞ்சில் ஏறியதில்லை. ஏறுபலகைக்குப் பக்கத்தில் நின்று ஒருவருக்கு ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு போட்டதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். இதற்கிடையில் ஒருவர் ஏறி, வெற்றிலைப் பையை மறந்து இறங்கி, மறுபடி ஏறுவார். இன்னொருவர் ஆட்டை ஏற்றிவிட்டுத் தான் நிற்பார், ஆடு மட்டும் போகும். லோஞ்சின் நெற்றியில் வெள்ளைப் பெயின்றில் "60 பேர்" என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை வாசித்தபடியே எல்லோரும் ஏறுவார்கள்.

முதல் நாள் நான் எண்ணியது தொண்ணூற்று மூன்று. அழகாக எழுதிக் கையொப்பமிட்டு, மேலதிகாரி மார்க்கண்டு சேரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

மார்க்கண்டு சேர் யாழ்ப்பாணத்தவர். திருகோணமலை வெயிலிலும் கோட் போடுவார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கூட்டுக்குள் வைத்து, கூட்டை மூடுவார். மூடும் சத்தம் கேட்டால் பியோன் பின்வாசலால் போய்விடுவான். எந்த அலுவல் என்றாலும் "எழுத்தில தாரும்" என்பார். ஒருமுறை கந்தோர் கூரை ஒழுகித் தலையில் தண்ணீர் விழுந்தபோதும் அதையேதான் சொன்னார்.

என் புத்தகத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐசே, அந்த லோஞ்சில எத்தனை பேர் போகலாம்?"

"அறுபது, சேர்."

"அப்ப தொண்ணூற்று மூண்டு பேர் போக ஏலாது. போக ஏலாத ஆக்களை நீர் எப்படி எண்ணினீர்?"

அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதிவரச் சொன்னார். அறுபது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"நெடுகலும் அறுபது எண்டால் ஆர் நம்புவான்? மழை பெய்யாதோ, பெருநாள் வராதோ? கொஞ்சம் ஏத்தி இறக்கி எழுதும்."

அன்றிலிருந்து என் கற்பனை வளர்ந்தது. திங்கள் ஐம்பத்தெட்டு, செவ்வாய் ஐம்பத்து மூன்று, வெள்ளி நாற்பத்தொன்பது. வெருகல் கோயில் திருவிழாக் காலத்தில் மட்டும் துணிந்து அறுபது. என் மனச்சாட்சிக்கு இடைஞ்சல் வராமல் மார்க்கண்டு சேர் சில விதிகளும் வைத்துத் தந்தார். இடுப்பில் இருக்கும் பிள்ளை தாயின் பாகம். கூரையில் இருப்பவர் லோஞ்சுக்குள் இல்லை. நிற்பவர் இன்னும் அமராதவர், ஆகவே அவருடைய பயணம் ஆரம்பிக்கவில்லை. இந்த விதிகளோடு எண்ணினால் எண்பது பேரை ஐம்பத்தைந்தாக்கிவிடலாம். மிச்சத்துக்கு மட்டும்தான் பொய் தேவைப்பட்டது.

லோஞ்சை ஓட்டிய தண்டையல் காசிம் காக்கா. மூதூர்க்காரர், கடலை வாசித்துத் தெரிந்தவர், புத்தகத்தை வாசிக்காதவர். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு எத்தின பேர் எழுதுறீங்க, கிளாக்கர்?" என்று கேட்பார். சொன்னால் சிரிப்பார். "நீங்க எழுதுற லோஞ்சில ஒரு நாளைக்கு நானும் போகணும். காலை நீட்டிப் படுக்கலாம் போல இரிக்கி."

ஒரு மார்கழியில் அந்தச் சிரிப்பு அடங்கியது. வாடைக் காற்று அடித்த நாள். குடாவின் நடுவில் அலை ஒன்று பக்கவாட்டில் ஏறி எல்லோரையும் நனைத்தது. நூறு பேருக்கு மேல் இருந்தோம். ஒருவரும் கத்தவில்லை. லோஞ்ச் சாய்ந்து, நிமிர யோசித்து, பிறகு நிமிர்ந்தது. காசிம் காக்கா சுக்கானை விடாமல் ஓதிக்கொண்டே இருந்தார். கரைக்கு வந்து ஐம்பத்தாறு என்று எழுதினேன். கவிழ்ந்திருந்தால் ஐம்பத்தாறு உடல்களைத்தான் தேடியிருப்பார்கள் என்று அன்றுதான் உறைத்தது. உண்மையிலேயே பயந்துபோனேன். ஆனாலும் மறுநாள் ஐம்பத்து நாலு என்று எழுதினேன். அதை மறைப்பதில் இப்போது பயனில்லை.

நான் கலியாணம் முடித்தது மூதூரில், குடியிருந்தது திருகோணமலையில். எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, ஒன்பதாவது வருடம் என் மனைவி பரமேஸ்வரி கர்ப்பமானாள். அவளுடைய தாய், என் மாமி, மூதூரில் தனியாக இருந்தவர். மகளின் பிரசவத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு வைராக்கியம். அதற்கு மேலே இன்னொன்றும் யோசித்தார்.

"தம்பி, மகளுக்கு நோ எடுத்த நேரம் நான் ஜெட்டிக்கு வாறன். லோஞ்ச் நிரம்பி நிக்குது. நான் என்ன, நீந்தியே வாறது?"

"காசிம் காக்கா உங்களை விட்டிட்டுப் போவாரோ, மாமி?"

"ஏத்துவார். ஏத்தி எல்லாரையும் கடலில தாட்டுப்போடுவார். ரெண்டாவது லோஞ்ச் ஒண்டு வேணும்."

மாமி ஒரு முடிவு எடுத்தால் ஊர் தூங்காது. இரண்டு கிழமைக்குள் கோயிலடியிலும் பள்ளிவாசலடியிலும் ஒரே மனுவில் கையெழுத்து வாங்கினார். இரண்டாவது லோஞ்ச் போட வேண்டும், அதைச் சம்பூர்க் கரை வரைக்கும் நீட்ட வேண்டும் என்பது மனு. கொழும்பிலும் ஒரு லோஞ்ச் கைவசம் இருந்ததாம். அதை மூதூருக்குக் கொடுப்பதா, வேறு மாவட்டத்து வாவி ஒன்றுக்குக் கொடுப்பதா என்று தீர்மானிக்க ஒரு அதிகாரி வந்தார். வெள்ளைக் காற்சட்டை போட்ட, மரியாதையான மனிதர். தமிழ் தெரியாது. மார்க்கண்டு சேர் மொழிபெயர்த்தார்.

கந்தோரில் கூட்டம். கதிரைகள் போதாமல் மூதூர்க்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். மேசையில் ஒன்பது வருடத்துப் புத்தகங்கள், எல்லாம் என் கையெழுத்து. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். இவ்வளவு துப்புரவான புத்தகங்களைத் தான் வேறெங்கும் கண்டதில்லை என்று சொல்லி, எழுதியவர் யார் என்று கேட்டார். மார்க்கண்டு சேர் என்னைக் காட்டினார். பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்வதாக அதிகாரி சொன்னார்.

பிறகு அவர் கணக்குக்கு வந்தார். அறுபது பேருக்குரிய லோஞ்சில் சராசரியாக ஐம்பத்தாறு பேர். நாலு இடம் நாளாந்தம் வெறுமையாகப் போகிறது. இப்படி இருக்க இரண்டாவது லோஞ்ச் எதற்கு?

மாமி எழும்பினார். பத்து நிமிடம் கதைத்தார். ஒன்பது வருடமாகத் தான் ஒருநாளும் அமர்ந்து வந்ததில்லை என்றார். தன் காலை மிதித்தவர்களின் பெயர்களைச் சொன்னார். வாடைக் காற்று நாளைச் சொன்னார். மார்க்கண்டு சேர் இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே வரியில் போட்டு முடித்தார்.

அதிகாரி அனுதாபத்தோடு தலையசைத்து, புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினார். மார்க்கண்டு சேர் மொழிபெயர்த்தார்: "அம்மா, இந்தப் புத்தகத்தின்படி ஒருத்தரும் நிண்டு வரேல்லையாம்."

மாமி அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவ்வளவு பேருக்கு முன்னால், "எழுதினது என்ர மருமோன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அமர்ந்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதிகாரி நியாயமானவர். மறுநாள் தானே துறைமுகத்துப் படகொன்றில் மூதூருக்குப் போய் மறுகாலையில் லோஞ்சில் திரும்பிவந்து பார்ப்பதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அந்த லோஞ்சை ஒருமுறை கண்ணால் கண்டால் போதும், நான் வாய் திறக்கவே தேவையில்லை.

நான் மூதூர்க்காரரை மறந்துவிட்டேன். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் தங்கள் ஊருக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார். அவர் ஏறும் லோஞ்சில் இடித்துக்கொண்டு ஏறுவார்களா? அந்தக் காலையில் மூதூர் ஜெட்டியில் நூற்றைம்பது பேர் வெளுத்த உடுப்போடு நின்றார்கள். அதிகாரி ஏறியதும் ஒருவரும் அசையவில்லை.

"ஏறுங்க, நேரம் போகுது" என்று காசிம் காக்கா கூப்பிட்டார்.

"தொரை வசதியாப் போகட்டும். நாங்க பின்னேரம் வாறம்" என்றார் முன்னால் நின்ற ஒருவர். வழக்குக்குப் போகிறவரும் கையசைத்து வழியனுப்பினார். வற்புறுத்தி ஏற்றியதில் இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களும் அதிகாரியைச் சுற்றி இரண்டு வாங்கு ஆசனங்களைக் காலியாக விட்டு, பின்பக்கத்தில் ஒடுங்கி இருந்தார்கள். மாமி ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து அதிகாரியின் பக்கத்து ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கினார். தயிருக்கும் ஓர் ஆசனம்.

காசிம் காக்கா சுக்கானில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நீங்க எழுதுற லோஞ்ச் இதுதான், கிளாக்கர். வந்திட்டுது."

கரையில் நின்றவர்களைத் தன்னை வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்து, அதிகாரி குடாவின் காற்றை அனுபவித்தபடி வந்தார். கரையில் இறங்கும்போது, ஐம்பத்தாறு என்பதுகூடக் கொஞ்சம் தாராளம் என்று சொன்னார்.

இனிப் பொறுக்க ஏலாது என்று ஆகிவிட்டது. அவர் ஓய்வு விடுதிக்குச் சாப்பிடப் போனதும் மார்க்கண்டு சேரின் அறைக்குள் போனேன்.

"சேர், நான் அவருக்கு உண்மையைச் சொல்லப் போறன். வேலை போனால் போகட்டும்."

கண்ணாடி கழன்றது. கூடு மூடியது.

"சொல்லும். ஒன்பது வருசமா அறுபதுக்கு மேல ஏத்தினது எண்டு எழுத்தில குடும். நாளைக்குக் காலமை அந்த ஒரு லோஞ்சின்ர அனுமதியையும் ரத்துச் செய்வினம். காசிமை மறிச்சு வைப்பினம். உம்மட மாமி மூதூரில, மகள் இங்க. ஆர் குடாவைக் கடத்திவிடுறது? முதல் நாள் நீர் தொண்ணூற்று மூண்டு கொண்டு வந்தபோது நான் என்னத்துக்குத் திருப்பித் தந்தனான் எண்டு நினைக்கிறீர்?"

உண்மையை எழுதினால் இருக்கிற லோஞ்ச் போகும், பொய்யை எழுதினால் வருகிற லோஞ்ச் வராது. இதை அந்த மனிதர் ஒன்பது வருடம் தனியாக மனதில் வைத்திருந்திருக்கிறார். அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்திருந்தேன். அன்று வெட்கப்பட்டேன்.

அவர் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிறகு அடிமட்டத்தையும் சிவப்பு மையையும் கேட்டார். புதுப் புத்தகம் ஒன்றைத் திறந்து, "ஏறியோர்" என்ற நிரலுக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார். அதன் தலைப்பில் எழுதினார்: "ஏறாமல் கரையில் நின்றோர்."

"ஏறின ஆக்களை எண்ணினால் குற்றம். ஏறாத ஆக்களை எண்ணினால் ஆருக்குக் குற்றம்? ஆனால் ஐசே, இந்தப் பக்கத்தில பொய் எழுத ஏலாது. நாளைக்குத் தொடக்கம் அறுபது எண்டால் அறுபது. மிச்சம் நிக்கட்டும். ஒரு மாசம் நிக்க மூதூர் சம்மதிக்குமோ எண்டு கேட்டு வாரும்."

புதிய நிரல் என்றால் அதிகாரிகளுக்கு ஒரு பிரியம். பின்னேரம் சிவப்புக் கோட்டைக் கண்டதும் கொழும்புத் துரைக்கு முகம் மலர்ந்தது. ஒரு மாதத் தவணை தந்தார். தயிர்ச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

மூதூரில் மாமியிடம் போய்ச் சொன்னேன். புத்தகத்தைப் பற்றிய மன்னிப்பையும் சேர்த்துக் கேட்டேன்.

"மன்னிப்பைப் பிறகு பாப்பம். நாளைக்கு எத்தனை மணிக்கு நான் ஜெட்டியில நிக்க வேணும்?" என்றார்.

அந்த மாதம் ஏறுபலகையடியில் மாமிதான் காவல். நான் கோடு போடுவேன், அறுபதாவது கோட்டில் மாமி கையை நீட்டி மறிப்பார். மரக்கறிக்காரர், மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள், சொந்த மச்சான், ஒருவருக்கும் விலக்கில்லை. சந்தைக்குப் போகாத கத்தரிக்காய் ஊரெல்லாம் கறியானது. கலியாண வீடு ஒன்றுக்கு மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார், நாதஸ்வரம் போகவில்லை. ஆட்கள் மாமியைத் திட்டிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். ஆனால் நின்றார்கள். நான் உண்மையை எழுதினேன். ஒன்பது வருடப் பழக்கம், அடிக்கடி கை தானாகவே குறைத்து எழுதப் பார்த்தது.

தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது பரமேஸ்வரிக்கு விடியற்காலை நோ எடுத்தது. திகதிக்கு மூன்று கிழமை முந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கடமையையும் விட முடியாமல், காலை லோஞ்சில் மூதூருக்கு வந்தேன். ஏறுபலகையடியில் நின்ற மாமியிடம் சொன்னேன். பிரசவத்துக்கென்று காயச்சரக்கும் பழஞ்சேலையும் கட்டி வைத்ததை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். அவருக்காக லோஞ்சைக் கொஞ்சம் பிந்தவைத்தோம். ஆனால் ஏறுகிறவர்களைப் பிந்தவைக்க யாருமில்லை, மறிக்கிறவர் அவர்தானே. ஒரு இடம் விட்டுவைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கும் வரவில்லை. மனம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது. கை தன் பாட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அறுபதாவது கோட்டோடு சனம் பழக்கத்தில் தானாகவே நின்றது.

மூட்டையோடு மூச்சு வாங்க வந்தவர் கேட்டார்: "எத்தனை, தம்பி?"

"அறுபதாச்சுது, மாமி."

லோஞ்சுக்குள் இருந்து மூன்று பேர் எழும்பினார்கள். "நீங்க வாங்க, நாங்க இறங்குறம்" என்றார்கள். மாமி அவர்களைப் பார்த்தார். ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையோடு இருந்தாள். ஒருவன் சோதனை எழுதப் போகிற மாணவன், ஏற்கெனவே ஒருநாள் மறிக்கப்பட்டவன். மற்றவர் சாவீட்டுக்குப் போகிறவர்.

"இருங்கோ. உங்கட அலுவலும் அலுவல்தான்."

"ஒரு ஆள்தானே, ஏறுங்க" என்றார் காசிம் காக்கா. "கிளாக்கர் அங்கால பாப்பார். நான் கடலைப் பாப்பன்."

"ஒரு ஆள், ஒரு ஆள் எண்டுதானே நூறு வந்தது" என்றார் மாமி. மூட்டையை என் கையில் தந்தார். "இதை அவளிட்டக் குடுங்கோ. நான் பின்னேரம் வாறன். என்னை மற்றப் பக்கத்தில எழுதுங்கோ."

எழுதினேன். கரையில் நின்றோர் நாற்பத்து நாலு. லோஞ்ச் விலகும்போது அவர் கையசைக்கவில்லை, பிந்தி ஓடிவந்த யாரோ ஒருவரை மறித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு அழுதேன்.

மகள் மத்தியானம் பிறந்தாள். மாமி வந்து சேர்ந்தபோது பிள்ளை குளித்து, துணி சுற்றி, தூங்கிவிட்டிருந்தது. எட்டு வருடம் காத்திருந்த அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அதை இன்றுவரைக்கும் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது லோஞ்ச் மூதூருக்கே. சம்பூர் வரை நீட்டுவது பரிசீலனையில். துல்லியமாகக் கணக்கெடுத்ததற்காக எனக்குப் பதவி உயர்வும் வந்தது. மார்க்கண்டு சேர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, பிரதி எடுத்து மாமிக்குக் காட்டும்படி தந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

மாமி எங்கள் வீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கரையில் நின்றவர்களின் மொத்தத் தொகையை அதில் போட்டிருந்தார்கள்.

"அதில என்ர பேர் இருக்குதோ?"

"பேர் ஒண்டும் இல்லை, மாமி. தொகை மட்டும்தான்."

"அந்தத் தொகைக்குள்ள நானும் நிக்கிறன்தானே?"

"ஓம், மாமி."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் தொப்பியைச் சரியாக்கினார்.